பாரிஸில் இப்போது மணி என்ன?

உலகம் உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பெரும்பாலோர் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள். திருப்பூர்க்காரர்களுக்கு மட்டும் அந்தச் சௌகரியம் கிடையாது. அவிநாசி ரோட்டிலோ பி. என். ரோட்டிலோ உள்ள ஏற்றுமதிக் கம்பெனிகளில் நுழைந்து பாருங்கள். பல ஆபீஸ்களில் சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள் மாட்டியிருக்கும். ஒன்றின் கீழே இந்தியா, அடுத்ததன் கீழே லண்டன், அதற்கடுத்துப் பாரிஸ், கடைசியில் நியூயார்க் என்று எழுதியிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாட்டிய நாளில் வைத்த மணியை அதன்பின் தொடுவார் எத்தனை பேர்? குளிர்காலத்தில் மாட்டிய பாரிஸ் கடிகாரம், வருஷத்தில் ஏழு மாதம் ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டிக்கொண்டு, கேட்பாரற்று ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மணி நேரத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். இரவு 10 மணிக்கும் அந்த ஆபீஸ்களில் விளக்கு எரிவதற்கான காரணத்தில் பாதி இந்த அசட்டையில்தான் இருக்கிறது. "பாரிஸில் இப்போதுதான் சாயங்காலம், பையர் லைனில் இருக்கிறார்" என்பது நம் ஊரில் எல்லாத் தாமதத்துக்கும் சொல்லப்படும் சமாதானமாகிவிட்டது. அந்தச் சமாதானம் செல்லாது என்பதே நமது கட்சி. பாரிஸுடன் வியாபாரம் செய்யத் திருப்பூர் கண்விழிக்க வேண்டிய அவசியமே இல்லை. கடிகாரம் நமக்கு அனுகூலமாகத்தான் நிற்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

பாரிஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பாரிஸ் மணி தெரிந்தால் பெர்லின், ரோம், மாட்ரிட், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், வியன்னா ஆகிய அத்தனை தலைநகரங்களின் மணியும் தெரிந்ததாகும். எல்லாவற்றுக்கும் ஒரே மணிதான். லண்டனும் டப்ளினும் லிஸ்பனும் இதற்கு ஒரு மணி பின்னால் நிற்கும். ஏதென்ஸும் ஹெல்சிங்கியும் ஒரு மணி முன்னால் நிற்கும். நமது டி-ஷர்ட்டும் குழந்தைகள் உடுப்பும் போய்ச் சேரும் ஐரோப்பியக் கடைத்தெருக்களில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

இனி கணக்குக்கு வருவோம். இந்திய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 5½ மணி முந்தியது. பாரிஸ் நேரம் குளிர்காலத்தில் கிரீன்விச்சுக்கு 1 மணியும் கோடையில் 2 மணியும் முந்தியது. ஆகவே நமக்கும் பாரிஸுக்கும் குளிர்காலத்தில் 4½ மணி வித்தியாசம். கோடையில் 3½ மணி. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். இரண்டு முறையும் நமக்கு அப்போது காலை 6½ மணி, காப்பி குடிக்கும் வேளை. அமெரிக்கர்கள் இதே வேலையை வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறார்கள்: மார்ச்சில் இரண்டாவது ஞாயிறு, நவம்பரில் முதல் ஞாயிறு. இரு கண்டத்தோடும் வியாபாரம் செய்கிறவர்கள் இந்த இடைப்பட்ட வாரங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

லண்டன் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. முள் வைத்த கைக்கடிகாரத்தைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால், லண்டனின் குளிர்கால மணி தெரியும். நமக்குப் பிற்பகல் 3 மணி என்றால் தலைகீழாக 9½ காட்டும். 5½ மணி வித்தியாசம் என்பதால் வந்த யோகம் இது. கோடையில் இந்த வித்தை பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாற்றமெல்லாம் எதற்கு என்றால், கோடைகாலத்தின் நீண்ட வெளிச்சத்தை வீணாக்காமல் இருக்க என்று பதில் சொல்வார்கள். லண்டனில் கட்டிட வேலை செய்த வில்லியம் வில்லெட் என்பவர் 1907-ல் இந்த யோசனையைப் பிரசுரித்தார். அவர் நாட்டார் சிரித்தார்கள். யுத்தம் வந்தது, நிலக்கரி மிச்சமாகட்டும் என்று 1916 ஏப்ரலில் ஜெர்மனி கடிகாரத்தைத் தள்ளியது, அடுத்த மாதமே பிரிட்டனும் தள்ளியது. இரண்டாவது மகா யுத்தத்தின்போது 1942 முதல் 1945 வரை இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. ஐரோப்பியர்களுக்கே இப்போது இது சலித்துவிட்டது. 2018-ல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். 84 சதவிகிதத்தினர் வேண்டாம் என்றார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பியப் பாராளுமன்றமும் கைவிடலாம் என்று வாக்களித்தது. ஆனால் கோடை மணியை நிரந்தரமாக்குவதா, குளிர்கால மணியையா என்று அரசாங்கங்களுக்குள் உடன்பாடு ஏற்படாததால் காரியம் அப்படியே நிற்கிறது.

பாரிஸின் சொந்தக் கதை இன்னும் விசித்திரம். கிரீன்விச் மணியை ஏற்பது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று பிரெஞ்சுக்காரர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1911-ல் ஒருவாறு இறங்கிவந்தபோதும் கிரீன்விச் என்ற பெயரைச் சட்டத்தில் எழுதவில்லை. "பாரிஸ் நேரத்தில் 9 நிமிஷம் 21 விநாடி குறைத்தது" என்றுதான் எழுதினார்கள். அப்படி வைத்த மணியையும் 1940 ஜூனில் நகரைப் பிடித்த ஜெர்மானியர் பெர்லின் மணிக்கு மாற்றிவிட்டார்கள். ஜெர்மானியர் போய்விட்டார்கள், மணி போகவில்லை. அதனால்தான் ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் அஸ்தமிக்க இரவு 10 மணி ஆகிறது. நம் கதையும் ஏறக்குறைய இதுதான். இந்திய நேரம் மிர்ஜாப்பூர் அருகே செல்லும் தீர்க்க ரேகையை ஒட்டி 1906 ஜனவரி 1 முதல் வந்தது. திருப்பூருக்கு உண்மையில் சூரியன் தலைக்குமேல் வருவது சுமார் 12 மணி 20 நிமிஷத்துக்கு. மணி என்பது சூரியன் போட்ட உத்தரவு அல்ல. மனிதர்கள் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. அப்படியிருக்க, எத்தனை மணிக்கு டெலிபோனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது என்பதைத் திருப்பூர் தானே கூடி ஏற்பாடு செய்துகொள்ளக் கூடாதா?

பொன்னான நேரம்

பாரிஸ் ஆபீஸ்கள் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 6 மணி சுமாருக்கு மூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அது நமக்குப் பிற்பகல் 1½ முதல் இரவு 10½ வரை. கோடையில் 12½ முதல் 9½ வரை. இதில் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரருக்கு மத்தியானச் சாப்பாடு ஒரு வைதிகக் கிரியை மாதிரி. 12 மணியிலிருந்து 2 மணிக்குள் அவரை மேஜையருகே பிடிப்பது கஷ்டம். அந்த நேரம் நமக்குக் குளிர்காலத்தில் மாலை 4½ முதல் 6½. கோடையில் 3½ முதல் 5½.

ஆகவே நாம் பாரிஸோடு பேச உகந்த பொன்னான நேரம் எது? குளிர்காலத்தில் 1½ முதல் 4½ வரை. கோடையில் 12½ முதல் 3½ வரை. முழுசாக மூன்று மணி நேரம்! பையர் அப்போதுதான் காலைக் காப்பியை முடித்துத் தெளிவாக உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் நம் முதலாளிமார்கள் எங்கே இருக்கிறார்கள்? வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். சாப்பிட்ட பின் சற்றே தலை சாய்த்திருக்கிறார்கள். 4½ மணிக்கு முகம் கழுவி, டீ குடித்து ஆபீஸுக்கு வந்து பாரிஸைக் கூப்பிடும்போது அங்கே மணி அடிக்கிறது; எடுப்பாரில்லை. பிறகு 6½ மணிக்கு லைன் கிடைக்கிறது. பேச்சு ஆரம்பமாகிறது. மாதிரித் துணி, சாய நிறம், பட்டன், லேபில், விலையில் நாலு காசு என்று இழுத்துக்கொண்டே போய் 10 மணியாகிவிடுகிறது.

மத்தியானத் தூக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. கொங்கு நாட்டு வெயிலுக்கு அது நியாயமானதே. காலை 8 மணிக்கே பட்டறையில் வந்து நிற்கிறவருக்கு அது வேண்டியும் இருக்கலாம். ஆனால் நாம் தூங்கிய மூன்று மணி நேரத்தை ஆபீஸ் ஊழியர் இரவில் கொடுத்துத் தீர்க்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 முதல் 4½ வரை, வியாழன் 1½ முதல் 3 வரை என்பதால் அந்த நாட்களில் புது ஆர்டர் பேசத் தயங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் செவ்வாயன்று 3 மணிக்கு முன்பும் வியாழனன்று 3 மணிக்குப் பின்பும் பேசிக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் பாரிஸ் தூக்கம் கலைந்து எழுந்திருக்கும் நேரம், அன்று பயமில்லை.

செலவே காவலாக இருந்த காலம்

1978-ல் இத்தாலி தேசத்து வியாபாரி ஒருவர் பம்பாய் வழியாக வந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்கியதிலிருந்து நமது நேர் ஏற்றுமதி தொடங்கியது என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் வரலாறு. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் பேசுவது எளிதா? பம்பாயிலிருந்து லண்டனுக்கு நேரடியாக டயல் செய்யும் வசதியே 1976-ல்தான் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். டெலக்ஸில் நாலு வரி அனுப்பினார்கள். பின்னர் நேரடி டயலும் வந்து, மூலைக்கு மூலை மஞ்சள் போர்டுக் கடைகளும் வந்தன. மீட்டர் ஓடும் வேகத்தைப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசினார்கள். சர்வதேச டெலிபோனில் விதேஷ் சஞ்சார் நிகாமின் ஏகபோகம் 2002-ல் முடிந்தது, கட்டணம் சரிந்தது, இன்று வாட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்தே காசில்லாமல் பேசுகிறோம்.

காசில்லாமல் போனதோடு கட்டுப்பாடும் இல்லாமல் போயிற்று. மூன்று நிமிஷத்தில் முடிந்த விஷயம் முப்பது நிமிஷமாகிறது. இரவு 11 மணிக்குப் பட்டனின் படம் ஒன்று வருகிறது. "பார்த்துவிட்டேன்" என்று உடனே பதில் போகிறது. அந்தப் பதிலால் பட்டன் தைக்கும் வேலை ஒரு நிமிஷமாவது முந்துகிறதா? பட்டன் கடையும் பட்டறையும் மறுநாள் காலையில்தானே திறக்கும்?

இப்போதும் ஆபீஸ் டெலிபோனிலேயே பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸ் எண் 01 என்று தொடங்கும். இங்கிருந்து அழைக்கும்போது முன்னுள்ள பூஜ்யத்தை விட்டு 00 33 1 என்று போட வேண்டும். லண்டனுக்கும் அப்படியே 00 44 20. இத்தாலிக்கு மட்டும் 00 39-க்குப் பின் அந்தப் பூஜ்யத்தை விடக் கூடாது. அவர்கள் நம்மை அழைக்கும்போது 00 91 421 போடுகிறார்கள்.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இரவில் பேசுகிறவர் முதலாளி என்றால் நாம் இவ்வளவு எழுதவே மாட்டோம். அவர் தொழில், அவர் தூக்கம். உண்மையில் உட்கார்ந்திருப்பது மெர்ச்சண்டைசர் என்று அழைக்கப்படும் மாதச் சம்பள ஊழியர். மாதிரி தைப்பது முதல் பெட்டி தூத்துக்குடியில் கப்பலேறுவது வரை ஒரு ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் அவர்தான். பட்டம் படித்துவிட்டு வந்த இளைஞர்கள், பெண்கள் பலர். பல்லடத்திலிருந்தும் ஊத்துக்குளியிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள். காலை 9½ மணிக்கு வந்த பெண்ணைப் பார்த்து மாலையில் முதலாளி, "பையர்கிட்டப் பேசிட்டுப் போயிரு கண்ணு" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். "சரிங்க சார்" என்று அந்தப் பெண்ணும் சொல்கிறாள். கடைசி பஸ் போய்விடுகிறது. வீட்டில் தகப்பனார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து கம்பெனி கேட்டில் நிற்கிறார். ஆறு மாதம் இப்படி நடந்தால், "இந்த வேலையே வேண்டாம்" என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். பழகிய கை ஒன்று போகிறது. புதிதாக வருகிறவருக்குப் பையரின் குணமும் துணியின் எடையும் புரிய மறுபடி ஆறு மாதம். இந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

தையல் தொழிலாளிக்காவது ஒன்றரை ஷிப்ட் என்று ஒரு கணக்கு இருக்கிறது. காலை 8½ முதல் இரவு 8½ வரை என்றால் அதற்கு இவ்வளவு கூலி என்று சனிக்கிழமை கைக்கு வருகிறது. மாதச் சம்பளக்காரர் இரவு 10 மணி வரை இருந்ததற்குப் பெரும்பாலும் டீயும் போண்டாவும்தான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பிரான்ஸ் தேசத்தில் 2017 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆபீஸ் நேரம் முடிந்த பின் டெலிபோனையும் கடிதத்தையும் கவனிக்காமலிருக்க ஊழியருக்கு உரிமை உண்டு. 50 பேருக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் அதற்கான முறைகளை ஊழியர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். நம் நாட்டில் சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் இப்படி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆக, மாலை 6 மணிக்குப் பாரிஸ் ஊழியர் சட்டப்படி டெலிபோனை மூடிவிட்டுக் குழந்தையைப் பார்க்கப் போகிறார். அவர் புறப்படுமுன் கடைசியாக அனுப்பிய கடிதத்துக்கு இங்கே ஒருவர் 10½ மணிக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தப் பதிலை அங்கே யாரும் படிக்கப் போவதில்லை! மறுநாள் காலை 9 மணிக்குத்தான் படிப்பார்கள். அதற்குள் நமக்கு 1½ மணி. மறுநாள் காலையில் வந்து நிதானமாக எழுதியிருந்தாலும் அதே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை விஷயமும் இப்படித்தான். வெள்ளி மாலை பாரிஸ் மூடுமுன் "திங்களன்று வேண்டும்" என்று ஒரு கடிதம் வருகிறது. உடனே நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆளைக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை முழுவதும் பாரிஸ் விடுமுறை. நமக்கு வேலை நாள். திங்கட்கிழமை அவர்கள் கதவைத் திறக்கும்போது நமக்கு அரை நாள் கழிந்திருக்கும். ஒன்றரை நாள் சும்மா கிடைத்திருக்க, ஞாயிற்றுக்கிழமையை ஏன் தொட வேண்டும்?

"எடுக்காவிட்டால் பையர் பங்களாதேஷுக்குப் போய்விடுவார்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டாக்கா மணி நமக்கும் அரை மணி முந்தியது; அவர்களுக்கு இரவு இன்னும் சீக்கிரம் வருகிறது. வியட்நாம் நமக்கு 1½ மணி முந்தியது. துருக்கி மணியில் நம்மைவிடப் பாரிஸுக்கு நெருக்கம். வங்காளிகளோடு நாம் போட்டியிட வேண்டியது விலையிலும் தரத்திலும் சொன்ன தேதியில் சரக்கு அனுப்புவதிலும்தான். நள்ளிரவில் யார் முதலில் "ஹலோ" சொல்கிறார்கள் என்பதைப் பார்த்து எந்தப் பையரும் ஆர்டர் கொடுப்பதில்லை.

நியூயார்க் விஷயம் வேறு. குளிர்காலத்தில் அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7½. அந்த வியாபாரத்தில் இரவு வேலை தவிர்க்க முடியாதது. அதற்கெனத் தனியாக மத்தியானம் வரும் ஆட்களை வைத்துக்கொள்வதே முறை. அமெரிக்க வழக்கத்தை ஐரோப்பிய வியாபாரத்துக்கும் இழுத்துக்கொண்டதுதான் நம் தவறு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவிகிதம் வரி போட்டபோது ஊரே ஐரோப்பாவின் பக்கம் திரும்பியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 24-ல், பிரிட்டனுடன் வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. அந்தப் பக்கத்து டெலிபோன் இனி அதிகமாகத்தான் அடிக்கும். ஆகையால் வழக்கத்தை இப்போதே ஒழுங்கு செய்வது நல்லது.

ஒரு கம்பெனி மட்டும் 8 மணிக்கு டெலிபோனை வைத்தால் அடுத்த கம்பெனி எடுத்துவிடுமோ என்ற சந்தேகம் இருக்கும். ஊர் முழுவதும் சேர்ந்து வைத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. 1990 முதல் ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பும் ஊர், "பாரிஸ் நேரம் காலை 9 முதல் 12 வரை பேசுங்கள், குளிர்காலத்தில் மாலை 3½-க்கு மேல் அவசரமானால் மட்டும்" என்று ஒரு கடிதம் எழுதினால் பையர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதில் அவர்கள் நம்மைவிடப் பழகியவர்கள்.

அந்தக் கடிதத்தோடு நம் விடுமுறைப் பட்டியலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆகஸ்டில் பாரிஸ் பாதி காலியாகிவிடும், மே மாதத்தில் 1-ம் தேதி, 8-ம் தேதி, பிறகு ஒரு வியாழக்கிழமை என்று விடுமுறை வரும், ஜூலை 14-ல் ஆளே இருக்காது என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். மாட்டுப் பொங்கலன்று திருப்பூரில் ஒரு மிஷினும் ஓடாது என்பது அவர்களுக்குத் தெரியாது; நாம் சொன்னதில்லை. ஆகஸ்டு 15 ஒன்று இரண்டு ஊருக்கும் பொது: நமக்குச் சுதந்திர தினம், அவர்களுக்கு மாதா விண்ணேற்புத் திருநாள். 2019-ல் தீபாவளியும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஒரே நாளில் வந்தன. ஆட்கள் ஊருக்குப் போயிருக்க, பாரிஸ் மணி மாறி, திரும்பி வந்தவர்கள் ஒரு வாரம் குழம்பினார்கள். மார்ச் மாற்றம் வருவதோ கணக்கு முடிக்கும் கடைசி நாட்களில். அப்போது யாருக்கும் தலை நிமிர நேரமில்லை.

இதற்கு ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. நமது பனியன் கம்பெனிகள் வருஷந்தோறும் சிவகாசியில் அச்சடித்துத் தினசரி காலண்டர் கொடுக்கின்றன. ராகு காலம், எமகண்டம், சூலம், முகூர்த்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது மார்ச் கடைசி ஞாயிறு தாளில் "இன்று முதல் பாரிஸ் 3½ மணி பின்" என்றும், அக்டோபர் கடைசி ஞாயிறு தாளில் "இன்று முதல் 4½ மணி பின்" என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னால் போதும். அந்தத் தாளைக் கிழிக்கிற பையனே ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தையும் திருப்பி வைத்துவிடுவான்.